பழைய ஆர்கனின் குரலும் புதிய வாத்தியமும்

மேல்நாட்டுத் தேவாலயங்களில் குழல் ஆர்கன் என்னும் பெரிய வாத்தியம் உண்டு. நூற்றுக்கணக்கான குழல்களைச் சுவரளவு நிறுத்தி, அவற்றில் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்வார்கள். அதற்குரிய இடமும் பொருளும் இல்லாத சிறு ஆலயங்களை மனத்திற்கொண்டு, கடிகாரத் தொழிலில் தேர்ந்தவரான லாரன்ஸ் ஹாமண்டு 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழலின் குரலைச் சக்கரங்களால் பாவனை செய்த கருவி அது. இன்று மேடைக் கலைஞர்கள் கையில் எடுத்துச் செல்லும் டிஜிட்டல் கீபோர்டு, அந்தப் பாவனையையே பாவனை செய்கிறது. காரணம் எளிது. 1954-இல் வெளிவந்து 1974 வரை தயாரான பி-3 என்னும் ஹாமண்டு ஆர்கன், மிதிகட்டைகளும் இருக்கையும் சேர்ந்து ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ளது. அதைக் கச்சேரிக்குக் கச்சேரி தூக்கிச் செல்ல ஆள் வேண்டாமா?

அதனுள்ளே 91 உலோகச் சக்கரங்கள் ஓயாது சுழல்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் சீரான மேடுபள்ளங்கள் உண்டு. விளிம்பை ஒட்டி ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் அமைந்திருக்கும். மேடுகள் காந்தத்தைக் கடக்குந்தோறும் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுந்து அடங்கும். விநாடிக்கு எத்தனை மேடுகள் கடக்கின்றனவோ, அதுவே சுருதி. எல்லாச் சக்கரங்களையும் ஒரே மோட்டார்தான் பற்சக்கரங்களின் வழியே சுழற்றுகிறது. பல்லைப் பாதியாக வெட்ட முடியாதல்லவா? ஆகையால் நடு ஸ்தாயி 'சி' சுரம் விநாடிக்கு 261.63 அதிர்வுகளுக்குப் பதிலாக 261.54 அதிர்வுகளே பெறுகிறது.

கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுப்புக் கோல்கள். ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுக்கலாம். ஒரு கட்டையை அழுத்தினால் அதன் ஆதார சுரத்தோடு கீழ் ஸ்தாயி, பஞ்சமம், மேல் ஸ்தாயி, இன்னும் மேலே காந்தாரம் என்று எவ்வெவற்றை எவ்வளவு கலப்பது என்பதை இக்கோல்களே தீர்மானிக்கும். தம்பூராவை மீட்டும்போது தானே எழும் அந்தர காந்தாரத்தை நாம் அறிவோம். அது இயற்கையானது. ஹாமண்டிலோ அந்தக் காந்தாரம் வேறொரு கட்டையின் சக்கரத்திலிருந்து வாங்கிய கடன். இயற்கைக் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். கணக்குப் பிசகாத மேற்சுரங்களைச் சேர்த்துச் செய்த செயற்கை ஒலி ஹாமண்டைப் போல் கேட்காமைக்கு இஃதொரு காரணம்.

கட்டைக்குக் கட்டை ஒலிப்பதிவு செய்து கீபோர்டில் அடைத்துவிட்டால் போதாதா எனலாம். ஒரு சுரத்தைத் தனியே வாசிக்கும்வரை அது போதும். ஆனால் ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரு கட்டைகளைச் சேர்த்து அழுத்தும்போது, பல சக்கரங்கள் இரண்டுக்கும் பொதுவாகின்றன. இரண்டு கட்டைகள் கேட்பதால் ஒரு சக்கரத்தின் ஒலி அப்படியே இருமடங்காகி விடுவதில்லை. இரண்டு ஒலிப்பதிவுகளைக் கூட்டினாலோ ஆகிவிடும். எனவே தேர்ந்த கருவிகள் 91 சக்கரங்களையும் கணக்கின் வடிவில் எந்நேரமும் சுழலவிட்டு, கட்டைகளை அவற்றுக்கு வாயில்களாக மட்டுமே வைக்கின்றன.

இனி, குறைகள். கட்டையின் அடியிலுள்ள ஒன்பது தொடுமுனைகள் ஒரே கணத்தில் தொடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அலையின் நடுவே போய்த் தொடுவதால் 'டிக்' என்றொரு சிறு சத்தம் எழும். ஹாமண்டின் பொறியாளர்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டனர். ஜாஸ் கலைஞர்களோ அதையே தாளத்தின் கூர்மையாகக் கொண்டார்கள். அழுத்தாத கட்டைகளின் சக்கரங்களிலிருந்து கசியும் மெல்லிய முணுமுணுப்பும் அப்படியே. இவ்விரண்டையும் எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு இன்றைய கீபோர்டில் தனித்தனி அளவுகள் உண்டு! நாம் செய்யும் மொழிபெயர்ப்பு வேலையிலும் இதைக் காண்கிறோம்: மூலத்திலுள்ள திக்கலையும் பெயர்த்தால்தான் பேசுகிறவர் யாரென்று புலப்படும்.

பி-3 ஒலியில் பாதி, டான் லெஸ்லி என்பவர் 1940-களின் தொடக்கத்தில் அமைத்த ஒலிபெருக்கிப் பெட்டிக்குரியது. ஹாமண்டு அதை ஏற்க மறுத்துவிட்டார். லெஸ்லி தாமே விற்றார். மேலே சுழலும் கொம்பு, கீழே சுழலும் உருளை. கொம்பின் வாய் நம்மை நோக்கி வருகையில் சுருதி சற்றே ஏறும், விலகுகையில் இறங்கும். நம்மைக் கடந்து செல்லும் ரயிலின் ஊதலைப் போல. நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுகள் மெதுவேகம், 400 சுற்றுகள் விரைவேகம். வேகத்தை மாற்றினால் இலேசான கொம்பு உடனே தாவும். கனத்த உருளை சில விநாடிகள் தயங்கிப் பின்தொடரும். இந்தத் தயக்கத்தைச் சரியாகச் செய்யாத கருவியை, பழகிய காது முதல் முயற்சியிலேயே கண்டுகொள்ளும்.

வாசிக்க விரும்பும் அன்பர்கள் முதல் மூன்று கோல்களை முழுவதும் இழுத்து மற்றவற்றை மூடி, மூன்றாம் மேற்சுரத் தட்டொலியைச் சேர்த்துத் தொடங்கலாம். அந்தத் தட்டொலி, எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால்தான் எழும். மூல வாத்தியத்தில் அது ஒலிக்கையில் ஒன்பதாம் கோல் ஊமையாகிவிடும். பியானோவைப் போல் விரலின் வலுவால் ஒலியைக் கூட்ட இதில் இடமில்லை. அது காலடியிலுள்ள மிதியின் வேலை. கீபோர்டை ஒரே ஒலிபெருக்கியில் இணைத்தால் கொம்பின் சுழற்சி தட்டையாகிவிடும். இடமும் வலமுமாக இரண்டு ஒலிபெருக்கிகளை வைப்பது நலம்.