பழவேற்காட்டு ஏரியும் பாடு முறையும்

நம் பத்திரிகையைப் படிப்போரில் பெரும்பாலோர் தறியையோ ஏரையோ நம்பி வாழ்பவர்கள். கடலோரத்திலுள்ள ஓர் உவர்நீர் ஏரியின் வரலாறு நமக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். அதற்குக் காரணங்கள் இரண்டு. பழவேற்காடு என்னும் அந்த ஏரிக்கரை ஊரின் பெயர், ஒரு காலத்தில் நம் நெசவாளர் நெய்த துணியின் பெயராகவே அயல்நாட்டுச் சந்தைகளில் வழங்கியது. இது முதற் காரணம். பொதுச் சொத்து ஒன்றைப் பலர் சண்டையின்றிப் பங்கிட்டு அனுபவிப்பதற்கு அந்த ஏரி மீனவர்கள் நெடுங்காலமாக ஒரு முறையைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். இது இரண்டாவது காரணம். அம்முறையின் சிறப்பும் குறையும் கூட்டுறவாளர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

ஏரியின் அமைப்பு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு அமைந்துள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கி நீண்டு கிடப்பதே ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டரே இருக்கும். மிக அகன்ற இடத்தில் 17 கிலோமீட்டரைத் தாண்டும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தென்பகுதியும் அதனை அடுத்த முகத்துவாரமும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வரப்புப் போல் கிடக்கிறது. நம் நாட்டு விண்கலங்கள் ஏவப்படும் தளம் இத்தீவிலேயே உள்ளது. தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கி ஆறும், வடகோடியில் சுவர்ணமுகி ஆற்றின் நீரும் ஏரிக்கு வந்து சேருகின்றன. பக்கிங்காம் கால்வாயும் இதன் வழியே செல்கிறது. ரயிலும் லாரியும் பெருகுமுன், வடக்கிலிருந்து விறகும் உப்பும் நெல்லும் இக்கால்வாயில் தோணிகளின் வழியே சென்னைக்கு வந்தன.

இத்தனை பரந்த ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டரளவே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பல இடங்களில் மனிதர் நடந்தே செல்லலாம். ஆழமின்மை குறை என்று நினைத்துவிடக் கூடாது. சூரிய ஒளி அடித்தரை வரை எட்டுவதால் பாசியும் நீர்ப்புல்லும் செழிக்கின்றன. அவற்றை உண்டு சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நம்பி மீனும் பறவையும் வாழ்கின்றன. மேலாக உழுத வயலில் பயிர் விளைவதைப் போல, ஆழமற்ற இந்நீரில்தான் ஏரியின் செல்வம் விளைகிறது.

முகத்துவாரம்

வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி வருங்காலத்தில் ஏரி நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். மழை நின்றபின் கடல் நீர் ஏறி, உப்பு சிறுகச் சிறுகக் கூடும். கடல் நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. கோடையில் அலை கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டாலோ, ஏரி நீர் வெயிலில் வற்றி, கடலைவிட மிகுந்த உப்புடையதாகிவிடும். வடபகுதியில் பெருநிலப்பரப்பு சேறாகிக் காய்ந்து வெடிக்கும்.

முகத்துவாரம் அடைபடுவதால் விளையும் கேட்டை அறிய இறாலின் வாழ்க்கையை அறிந்தால் போதும். இறால் முட்டையிடுவது கடலில். பொரித்த குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இங்குள்ள இரையைத் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, கொடுவா, பால்மீன் முதலியவையும் இவ்வாறே கடலுக்கும் ஏரிக்கும் இடையே வந்து போகின்றவை. வாயில் அடைபட்டால் இவற்றின் வரவும் நின்றுபோகும். ஆகையால் மீனவர்கள் பலமுறை தாமே கூடி மண்வெட்டி கொண்டு மணலை வெட்டி வாய் திறந்திருக்கிறார்கள். இருபுறமும் கற்சுவர் எழுப்பி வாயை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டத்தையும் தமிழ்நாடு அரசு மேற்கொண்டது.

பறவைகள்

குளிர்காலத்தில் இவ்வேரிக்கு வரும் பறவைகளுள் பூநாரைக்கே முதலிடம். கட்ச் பாலைவனம் போன்ற இடங்களில் இனம் பெருக்கும் இப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இங்கு வந்து இறங்குகின்றன. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை உறிஞ்சி, சல்லடையில் சலிப்பதுபோல் இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு நீரை வெளியேற்றும். இறகின் செந்நிறம் அது உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள வண்ணப் பொருளால் வருவது. உண்ணும் இரையே பூநாரைக்குச் சாயம் ஏற்றுகிறது. முழங்கால் அளவு நீர் இருந்தால்தான் அதற்கு மேய்ச்சல். நீர் ஆழ்ந்தாலும் உலர்ந்தாலும் அது வேறிடம் தேடிப் போய்விடும்.

கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள் ஆகியனவும் இங்குப் பெருந்தொகையாகக் கூடும். ஏரிக்கு அருகிலுள்ள நேலப்பட்டு என்னும் ஊரின் நீர்நிலையில் கூழைக்கடாக்கள் மரங்களில் கூடுகட்டுகின்றன. ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டிலும் பறவைச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. பறவையால் பயிர்த்தொழிலுக்கும் பயனுண்டு என்பதைச் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் விவசாயிகள் நன்கறிவர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதைக் கண்டு, அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர்.

துணிக் கப்பல்கள் வந்த காலம்

புயலுக்கு ஒதுங்கத் துறையில்லாத நம் கிழக்குக் கடற்கரையில், ஏரியை அடுத்த பழவேற்காடு நல்ல துறைமுகமாக விளங்கியது. போர்த்துகீசியருக்குப் பின் டச்சு வணிகர் வந்தனர். 1610-ஆம் ஆண்டில் விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியைப் பெற்றனர். அவர்களுடைய பண்டகசாலையை 1612-ல் போர்த்துகீசியர் அழித்துவிடவே, 1613-ல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில், சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமை நிலையம் இதுவே. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. டச்சுக் கல்லறைகள் இன்றும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கோட்டையோ புதர் மண்டிய மேடாகிவிட்டது.

அவர்கள் இங்கு நாடி வந்தது துணியை. ஜாவா, மொலுக்காஸ் முதலிய தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அத்தீவினர் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பிக் கேட்டனர். இத்துணிக்குச் செந்நிறம் ஊட்டியது இம்பூறல் எனவும் வழங்கும் சாயவேர். கடற்கரை மணற்பாங்கில் விளையும் சிறுசெடியின் வேர் அது. அக்காலத்துச் சாயத்தொழிலுக்கு உழவர், சாயக்காரர், நெசவாளர் ஆகிய மூவரும் வேண்டியிருந்தனர். 1868-ல் ஜெர்மானிய ரசாயன அறிஞர்கள் அலிசரின் என்னும் செஞ்சாயத்தைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தபின், சாயவேர்ப் பயிரும் மெல்ல மறைந்தது.

சாயமேற்றிய நூலால் கட்டம் போட்டு நெய்த பழவேற்காட்டுக் கைக்குட்டை மிகவும் புகழ் பெற்றது. இங்கிலாந்தில் வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டைக்கே 'புலிகேட்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளும் அதைப் பார்த்து நெய்து, அதே பெயரில் விற்றன. ஊரின் பெயரை அயலார் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை. இன்று 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு அதன்கீழ்ப் பதிவு பெற்றிருக்கிறது.

இவ்வளவு வணிகத்திலும் நெசவாளருக்குக் கிடைத்தது என்ன? கம்பெனியார் தரகர் மூலம் முன்பணம் கொடுப்பர். முன்பணம் வாங்கிய நெசவாளர், குறித்த அளவும் நயமுமுள்ள துணியைக் குறித்த காலத்தில் தர வேண்டும். பருத்தி விலை ஏறினாலும் பஞ்சம் வந்தாலும் கடன் அவர் தலைமேல் நிற்கும். 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்றுக்கொண்ட எளியோரை, டச்சுக் கப்பல்கள் இக்கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றிச் சென்றன. முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட நெசவாளர் தமக்கென நூலும் கடனும் சந்தையும் தேடிக்கொள்வதற்காகவே பிற்காலத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின என்பதை இளைய அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பாடு என்னும் பங்கீடு

இனி மீனவர் முறைக்கு வருவோம். ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. இறால் கடலுக்குத் திரும்பும் வழியிலுள்ள, முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் பிடி மிகுதி. அவ்விடங்களை வலியவர் சிலர் பிடித்துக்கொண்டால் ஏனையோர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இதைத் தவிர்க்கப் பழவேற்காட்டு மீனவ ஊர்களான கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவை ஏற்படுத்திக்கொண்டதே பாடு முறை. சுற்றுவலை கட்டத் தக்க இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். முறை சுற்றி வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு வேறொரு நாள் வளம் குறைந்த இடம். முறை மீறியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்து அபராதம் விதிக்கும். இம்முறைக்கு இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கேரளக் கழிகளிலும் உறவுண்டு.

இதில் இருவகை நன்மை உண்டு. பிடிப்பவர்களுக்குள் நியாயம் நிலவுகிறது. ஒரே நேரத்தில் எல்லாரும் வலை போடாததால் ஏரிக்கும் ஓய்வு கிடைக்கிறது. எழுதிய துணைவிதிகளும் பதிவாளரும் இல்லாமலே, சீட்டும் ஊர்க்கட்டும் கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும் என் போன்றோருக்கு இது வியப்பளிப்பதாகும்.

ஆனால் குறையையும் மறைக்கக் கூடாது. பாட்டில் முறை பெறும் உரிமை குறிப்பிட்ட மீனவச் சமூகத்து ஆண்களுக்கே உரியது. ஏரிக்கரையில் வாழும் இருளர்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அந்தச் சீட்டில் இடம் பெறவில்லை. இருளப் பெண்கள் நீரில் அமர்ந்தபடி கையால் தடவி இறால் பிடித்து, ஓலைப்பறியில் சேர்ப்பார்கள். நிலத்தில் வேலை குறைந்த காலத்தில் புதிதாக ஏரியை நாடியவர்களும் உண்டு. இறாலுக்கு ஏற்றுமதி விலை உயர்ந்த பின்னர் பாடுடையோருக்கும் பாடில்லாதோருக்கும் பூசல் மிகுந்தது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமான பின் ஏரி இரு மாநிலங்களுக்குரியதாகிவிடவே, எல்லைத் தகராறும் சேர்ந்துகொண்டது.

உள்ளே இருப்பவர்களுக்குள் எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டாலும், வெளியே நிற்பவருக்கு அதனால் பயனில்லை. 1844-ல் ராச்டேல் முன்னோடிகள் தொடங்கிய இயக்கம், தகுதியுள்ள யாவருக்கும் திறந்த அங்கத்துவத்தை முதற்கொள்கையாக வைத்ததன் பொருள் இங்கு விளங்கும். நம் சங்கங்களிலும் சில குடும்பங்களுக்கே நூலும் கடனும் ஒழுங்காகச் சுற்றி வருவதுண்டு. பேரேடு பிழையின்றி இருக்கும். அதே தெருவில் கூலிக்கு நெய்பவர் பெயர் அங்கத்தினர் பதிவேட்டில் இராது. தணிக்கையில் இக்குறை அகப்படாது. நிர்வாகக் குழுவினரே தேடிப் பார்க்க வேண்டும்.

ஏரிக்கு நேர்ந்த இடர்கள்

1990-களில் இறால் பண்ணைகள் கடலோரமெங்கும் பெருகின. பண்ணைக் கழிவு ஏரியிலும் கழியிலும் கலந்தது. அருகிலிருந்த விளைநிலத்தில் உப்பு ஏறியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைக் குட்டைகள் அமைத்தல் கூடாது என்று அத்தீர்ப்பு பெயர் சொல்லியே கூறியது. பின்னர் 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனி ஆணையச் சட்டம் இயற்றியது.

பண்ணைகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆறுகள் கொணரும் வண்டல் ஏரியைத் தூர்க்கிறது. ஆரணி ஆற்றில் பிச்சாட்டூர் அணை போன்றவற்றில் நீரைத் தேக்குவது பாசனத்துக்கு அவசியமே. ஆயினும் அளவுக்கு மேல் தடுத்தால் ஏரிக்கு நன்னீர் குறைகிறது. மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திறப்பதில் வெள்ள நீருக்கும் பங்குண்டு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தின் மிச்சமும், சாயப்பட்டறைக் கழிவும் எந்த ஆற்றில் விழுந்தாலும் இறுதியில் ஒரு கழிமுகத்தையே சேரும்.

நாம் செய்யத் தக்கவை

ஆற்றோர விவசாயச் சங்கங்கள் பூச்சிமருந்தை அளவறிந்து பயன்படுத்த அங்கத்தினர்களைப் பழக்கலாம். கரையில் மரம் வளர்த்து மண் அரிப்பைத் தடுக்கலாம். தனியொரு சாயப்பட்டறை கழிவைச் சுத்தம் செய்யச் செலவு தாங்காது. பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் தாங்கும். கூட்டுறவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. இவற்றோடு ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன், தன் ஊரில் அங்கத்தினராகாமல் நிற்போர் எத்தனை பேர், அவர்கள் ஏன் சேரவில்லை என்று பட்டியலிட்டு, அதனைக் கூட்டத்தில் வைத்தல் வேண்டும்.