கன்னடத்துப் பைங்கிளியும் நம் வீட்டுத் தமிழும்

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் இல்லத்துச் சிறார், மாம்பழக் கூடையோடு ஒரு மனக்குறையையும் சுமந்து வருவதுண்டு. "சொல்ப தண்ணீர் கொடுங்கள், அத்தை" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். சுற்றத்தார் சிரித்து ஓய வெகு நேரமாகும். பிறகு அக்குழந்தை அங்கே வாய் திறக்கவே அஞ்சுகிறது. பாட்டியார் நாள்தோறும் சொல்லும் 'சொற்பம்' இதற்கு உடன்பிறந்த சொல்தான் என்பதை அவ்வேளையில் எவரும் நினைப்பதில்லை.

இக்குறையோடு வரும் பெற்றோரிடம் நாம் பி. சரோஜாதேவி அவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

அவர் இப்பெங்களூர் நகரில் 1938 ஜனவரி 7ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் பைரப்பா காவல் துறையில் பணியாற்றியவர், தாயார் ருத்ரம்மா. தாய்மொழி கன்னடம். தமிழ்ப் படங்களிலும் பாடி நடித்த ஒன்னப்ப பாகவதர், 1955இல் வெளியான தம் 'மகாகவி காளிதாச' என்னும் கன்னடப் படத்தில் அவரை நடிக்க வைத்தார். அப்போது அவருக்கு வயது 17. இரண்டாண்டுகளில் 'தங்கமலை ரகசியம்' தமிழ்ப் படத்தில் ஒரு நடனம் கிட்டியது. 1958இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' வந்தது. அதில் இளவரசி ரத்னாவாக இவர் தோன்றும் பிற்பகுதி வண்ணத்தில் அமைந்திருந்தது. கறுப்பு வெள்ளையில் கதை பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்குத் திடீரென வண்ணமும் இப்புதுமுகமும் ஒருசேரக் கிடைத்தன!

மறு ஆண்டு ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு'. அக்காளுக்காகத் தன் காதலை விட்டுக்கொடுக்கும் வசந்தியாக அவர் பேசிய தமிழைக் கூர்ந்து கேளுங்கள். வல்லெழுத்துகள் சற்றே மெலிகின்றன. சொல்லின் இறுதி நீண்டு குழைகிறது. இலக்கணம் வல்ல புலவர் குறை காணலாம். வேறொருவரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்யும் வசதியும் அந்நாளில் இருந்தது. ஆயினும் அவர் தம் குரலிலேயே பேசினார்; தமிழகமோ அதனைக் கொஞ்சு தமிழ் என்று கொண்டாடி, 'கன்னடத்துப் பைங்கிளி' எனப் பெயரும் சூட்டியது. 'புதிய பறவை'யில் (1964) கோபாலின் பெயரை அவர் நீட்டி அழைத்ததைப் பலகுரல் கலைஞர்கள் இன்றும் மேடையில் பேசிக் கைதட்டல் பெறுகின்றனர். கலைஞரைப் போற்றும் அதே செவிகள் நம் குழந்தையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பானேன் என்பது நமக்கு விளங்கவில்லை.

எம்.ஜி.ஆருடன் மட்டும் அவர் 26 படங்களில் நடித்தார். இந்தியில் திலீப்குமாருடன் 'பைகாம்' (1959), தெலுங்கில் என்.டி. ராமராவுடன் 'பாண்டுரங்க மகாத்மியம்' (1957) என நான்கு மொழிகளில் உலவினார். அறுபதுகளில் அவர் கட்டிய சேலையும் அணிந்த இரவிக்கையும் நகையும் பெண்டிர்க்கு முன்மாதிரியாயின. நீச்சல் உடையும் கையில்லா இரவிக்கையும் கூடா என்று தாயார் விதித்த வரம்பை மீறாமலே அவர் இத்தனை புகழும் பெற்றார்.

தமிழில் அத்தனை பரபரப்பாக இருந்தபோதும் தாய்மொழியை அவர் விட்டாரில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்த அதே பி.ஆர். பந்துலு 1961இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' எடுத்தபோது, வெள்ளையரை எதிர்த்த அவ்வரசியாக நின்றவர் சரோஜாதேவியே. 1967இல் திருமணம் செய்துகொண்ட பின்னரும் நடித்தார். 1969இல் பத்மஸ்ரீ, 1992இல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. கணவர் ஸ்ரீஹர்ஷா 1986இல் மறைந்தார்.

2025 ஜூலை 14ஆம் நாள் மல்லேசுவரம் இல்லத்தில் அவர் காலமானார். மரப்பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தை அடுத்த தசவார கிராமத்தில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் நடந்தது.

அவ்வாரம் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் பலர் கூடிக் 'கல்யாணப் பரிசு' பார்த்தோம். ஊரில் கேலிக்கு ஆளான சிறுமி ஒருத்தியும் உடனிருந்தாள். பாதிப் படத்தில் நம் பக்கம் திரும்பி, "இவர் எந்த ஊர்?" என்று கேட்டாள். மல்லேசுவரம் என்றோம்.

"நம் பேருந்து போகுமே, அந்த மல்லேசுவரமா?" என்றாள்.