அம்மாயியின் கையிலே ஒரு சித்திரம்

சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குச் சில தினங்களின் முன்னர், பதுளையிலே நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். தன்னை வளர்த்து ஆளாக்கிய அம்மாயிக்கு அழைப்பிதழ் அனுப்ப வேண்டாம் என்பது அவள் வேண்டுகோள். காரணம் வினவினோம்.

"கை முழுக்கப் பச்சை குத்தியிருக்காங்க, சேர். பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துக்கு நாம் சென்றோம். எண்பதைக் கடந்த அம்மூதாட்டியின் முன்கைகளில் கோலமும் தேளும் மீனும் மங்கிய பச்சை நிறத்தில் விளங்கின. வலக்கையிலே ஒரு பெயர்.

"பன்னெண்டு வயசிலே குத்தினது, ஐயா. மூணு ஊசியைச் சேர்த்துக் கட்டி ஒரு கிழவி குத்தினா. நான் அழ அழ, அண்ணந்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு பேரையும் எழுதச் சொன்னேன்."

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. ஊவாத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. 1973இல் அந்த அண்ணனும் தலைமன்னாரிலே கப்பலேறினார். சில ஆண்டுகளில் கடிதமும் நின்றுபோயிற்று. எழுத்தறியாத அம்மூதாட்டி இனங்காணக்கூடிய எழுத்துக்கள் இவ்வுலகில் அந்தப் பெயரின் எழுத்துக்கள் மாத்திரமே.

இதையா நாம் அநாகரிகம் என்பது?

பச்சை குத்துதல் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து உடன் கொணர்ந்த கலை. அங்கே குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று இத்தொழிலைச் செய்தனர். மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்து எரித்த கரியே மை. அந்தக் கரிய மை உட்தோலிலே தங்கிவிடுவதால் வெளியே பச்சையாகத் தோற்றுகிறது. சிங்கள மொழியிலும் இதற்குப் 'பச்ச' என்றே பெயர். நகையை அடகு வைக்கலாம், பறிகொடுக்கலாம். பச்சையோ கட்டை வேகும்வரை கூடவே வரும். பொன் வாங்க வழியற்ற ஏழைப் பெண் பூண்ட ஆபரணம் அது.

பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்பானியர், விசாயத் தீவுகளின் மக்களைப் 'பிந்தாதோஸ்', அதாவது 'வண்ணந் தீட்டியவர்', என அழைத்தனர். வடக்கே கலிங்க மாகாணத்து மலைக்கிராமமான புஸ்காலானில், வாங்-ஓட் என்ற மூதாட்டி முள்ளையும் மூங்கிற் குச்சியையும் புகைக்கரியையும் கொண்டு இக்கலையைக் காத்து வந்தார். தம் பேத்தி முறைப் பெண்களுக்கும் அதனைப் பயிற்றினார். 2023 ஏப்ரலில் அந்நாட்டு 'வோக்' சஞ்சிகை, 106 வயதினர் எனப்பட்ட அவரது படத்தையே அட்டையில் வெளியிட்டது. அவர்களுக்கும் மலைதான், நமக்கும் மலைதான். அங்கே பெருமையாய் விளங்குவது இங்கே வெட்கமாவானேன்?

உதைபந்தாட்ட வீரர் கையிலிருந்தால் அழகென்றும், கொழுந்து பறிக்கும் கையிலிருந்தால் இழிவென்றும் கருதுகிறோமே, அந்த வேறுபாடு மையிலே இல்லை. நம் மனத்திலேதான் உளது.

இப்படிச் சொல்வதால் மாணவர்கள் இன்றே ஊசியைத் தேடி ஓடவேண்டும் என்பதல்ல நமது கருத்து. கிருமி நீக்காத ஊசி ஈரல் அழற்சி போன்ற கொடிய நோய்களைப் பரப்பும்; அழியாத ஒன்றை இளமை வேகத்திலே தீர்மானித்தலும் தகாது. குத்திக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். குத்திக்கொண்டவரை எள்ளாதிருத்தல் நம் அனைவரின் கடமை.

லயத்திலே கேட்ட கதையை மாணவியிடம் சொன்னோம். கையிலிருந்த பெயரை அவள் சிறு வயது முதல் அறிவாள். அதன் கதையை அறியாள். ஒன்றும் பேசாமல் அழைப்பிதழை வாங்கிச் சென்றாள்.

விழாவன்று முன்வரிசையிலே அமர்ந்திருந்த அம்மூதாட்டி, முந்தானையாற் கைகளை மூடியபடியே இருந்தார். நெடுநாளைய நாணம் ஒரு நாளில் நீங்குமா? ஆயினும், பரிசு பெற்று இறங்கி வந்த பேத்தி அருகே அமர்ந்து, முந்தானையை மெல்ல விலக்கி, அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். விழா முடியும்வரை விடவேயில்லை.