வெதுவெதுப்பான தண்ணீர் யாருக்கு?

வீட்டில் பிரெட் செய்யச் சொல்லித்தரும் குறிப்புகள் பெரும்பாலும் 'வெதுவெதுப்பான தண்ணீரில் மாவைப் பிசைந்து, ஒன்றரை மணி நேரம் மூடி வையுங்கள்' என்றுதான் தொடங்குகின்றன. சித்திரை மாதத்துச் சென்னைச் சமையலறையில் அப்படியே செய்து பாருங்கள். சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே மாவு பாத்திரத்தின் மூடியை முட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கள் வாடை, தொட்டால் பிசுபிசுப்பு. கைப்பக்குவம் போதவில்லை என்போம், ஈஸ்ட் பாக்கெட்டைத் திட்டுவோம். தப்பு தண்ணீரில் இருக்கிறது.

தொழில்முறை ரொட்டிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பிசைந்து முடித்த மாவு சுமார் 25 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள். அதை மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து அறையின் வெப்பத்தையும் உலர்ந்த மாவின் வெப்பத்தையும் கழித்தால், மீதிதான் தண்ணீருக்கு. லண்டன் குளிர்காலத்தில் அறையும் மாவும் 18 என்றால் தண்ணீர் 39 டிகிரி. நம் வீட்டில் இரண்டும் 33 என்றால் விடை வெறும் 9. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டிய தண்ணீர். மெஷினில் பிசைந்தால் உராய்வுச் சூட்டுக்காக இன்னும் சில டிகிரி குறைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஈஸ்ட்டை நேராகக் குளிர்ந்த தண்ணீரில் கொட்டாதீர்கள். காய்ந்த செல்லின் உறை சில்லென்ற நீரில் ஊறினால் உள்ளே இருப்பது கசிந்துவிடும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் உலர்ந்த மாவிலேயே கலந்துவிடலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? ஈஸ்ட் ஒரு செல் கொண்ட பூஞ்சை. மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துத் தரும் சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளிவிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாவு பொங்கும்தான், ஆனால் மணம் தரும் அமிலங்களும் பிற சேர்மங்களும் சேர அவகாசம் இராது. அளவுக்கு மீறிப் புளித்த மாவில் சர்க்கரை தீர்ந்துபோவதால் மேல்தோலும் சோகை பிடித்ததுபோல் வெளுத்தே வேகும்.

வாயுவைப் பிடித்து வைப்பது குளூட்டன். மைதாவைப் பிசைந்து உருட்டி, அரை மணி ஊறவிட்டு, குழாயடியில் மெல்லக் கசக்குங்கள். பால்போல் மாவுச்சத்து கரைந்தோடும். கையில் மிஞ்சுவது சாம்பல் நிறத்தில், சூயிங்கம்போல் இழுபடும் ஒரு பிண்டம். இத்தாலியின் போலோனியாவில் பெக்கரி என்பவர் கோதுமை மாவை இப்படிக் கழுவிப் பிரித்ததைப் பற்றிய கட்டுரை 1745-ல் அச்சேறியது. தண்ணீர் பட்டதும் இரண்டு வகைப் புரதங்கள் கைகோத்து உருவாகும் வலை அது. பிசைவது அந்த வலையைச் சீக்கிரம் நெய்யும் வழி, அவ்வளவுதான். பொறுமை இருந்தால் பிசையவே வேண்டாம். 2006-ல் நியூயார்க் ரொட்டிக்காரர் ஜிம் லேஹியின் முறையை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது: கால் டீஸ்பூன் ஈஸ்ட், தளர்ந்த மாவு, 12 முதல் 18 மணி நேரம் சும்மா விடுதல். அவர் சொன்னது 21 டிகிரி அறை. நம் ஊரில் மாவு அந்த நேரத்தின் பெரும்பகுதியை ஃபிரிட்ஜில்தான் கழிக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு 500 கிராம் மைதா, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். கடிகாரத்தை நம்பாமல், உலர்ந்த மாவு தொட்ட விரலால் பிசைந்த மாவை அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பொறுக்கணும். மெதுவாக, பாதிதான் நிமிர்ந்தால் ஓவனுக்குத் தயார். அப்படியே கிடந்தால் பதம் கடந்துவிட்டது.

ஓவனில் சுமார் 60 டிகிரியில் ஈஸ்ட் சாகும், மாவுச்சத்து நீரை உறிஞ்சி இறுகும். ஈரம் இருக்கும்வரை உட்புறம் 100-ஐத் தாண்டாது. காய்ந்த மேல்தோல்தான் 140-க்கு மேல் ஏறிச் சிவக்கும். சூட்டோடு அறுத்தால் உள்ளே களிபோல் ஒட்டும், ஆறட்டும்.

மாவை ஃபிரிட்ஜில் வைக்கலாம். சுட்ட பிரெட்டை வைக்காதீர்கள். பிரெட் விறைப்பது காய்வதால் மட்டும் அல்ல என்று பிரெஞ்சு விஞ்ஞானி பூசங்கோ 1852-லேயே காட்டிவிட்டார். வெந்த மாவுச்சத்து மறுபடி படிகமாவதே காரணம். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் அது வெளியில் இருப்பதைவிட வேகமாக நடக்கும். இரண்டு நாளில் தீராது என்றால் துண்டுபோட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டும்போது நேராகத் தோசைக்கல்லில் போட்டுக்கொள்ளலாம்.