வழுவோ, வழக்கோ?

சிவப்பு மையை ஆசிரியனுக்கு உரிய அணிகலம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தவன் நான். மாணாக்கர் எழுதும் கட்டுரையிலே வழு கண்டவிடத்துக் கோடிழுப்பது எனக்குத் தொழில். அதிலே உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமையை அசைத்துவிட்டுப் போனாள் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி. அவள் என் தமக்கையின் பேர்த்தி; இலண்டனிலே பிறந்து அங்கேயே படிப்பவள். சென்ற ஆவணி விடுமுறைக்குப் பெற்றோருடன் யாழ்ப்பாணம் வந்திருந்தாள்.

எந்நேரமும் அவள் கையிலே ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. "என்ன பாடம், பிள்ளை?" என்று கேட்டேன். "ஆங்கில மொழி, தாத்தா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆங்கில நாட்டிலே பிறந்த உனக்கு ஆங்கிலத்தை இன்னும் படிக்க வேண்டுமோ?" என்றேன்.

"கதைக்கிறது வேறை, அதைப் பற்றிப் படிக்கிறது வேறை. நீங்கள் தமிழ் இலக்கணம் படிக்கேல்லையோ, தாத்தா?" என்று திருப்பிக் கேட்டாள். பண்டிதனுக்கு மறுமொழி எழவில்லை.

இங்கிலாந்திலே பதினாறு வயதுப் பரீட்சையைக் கடந்தோர், ஆறாம் படிவம் எனப்படும் ஈராண்டு வகுப்பிலே பெரும்பாலும் மூன்று பாடங்களை எடுத்து உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றனர். அங்கே ஆங்கில இலக்கியம் ஒரு பாடம். ஆங்கில மொழி பிறிதொரு பாடம். முன்னதிலே கவிதையும் நாடகமும் நாவலும் கற்கப்படும். பின்னதிலோ மொழியே ஆராய்ச்சிப் பொருள். ஒலி, சொல், சொற்பொருள், வாக்கிய அமைப்பு, இடமும் ஆளும் அறிந்து பேசும் முறை எனப் பல படிகளில் மொழியைப் பகுத்து நோக்குகின்றனர். எழுத்து, சொல், பொருள் என்று வகுத்துக் கற்ற நமக்கு இந்நெறி முற்றும் புதிதன்று.

அந்நாட்டுப் பரீட்சைச் சபைகள் பல. அவற்றுள் ஒன்றான ஏ.கியூ.ஏ. சபையின் பாடத்திட்டம் 2015இல் கற்பிக்கத் தொடங்கப்பட்டது. இரண்டரை மணி நேர வினாத்தாள்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 40 வீதம். எஞ்சிய 20 வீதம் மாணாக்கரின் சொந்த முயற்சிக்கு உரியது. அதிலே ஒரு பகுதி, தாமே திரட்டிய மொழிச் சான்றுகளைக் கொண்டு 2000 சொற்களில் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை.

குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். தோழியர் இருவர் உரையாடியதை, அவர்களின் சம்மதம் பெற்று ஒலிப்பதிவு செய்து, கேட்டபடியே எழுதியிருந்தாள். தடுமாற்றமும் இடைநிறுத்தமும் விடப்படவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒரு புள்ளி இட்டால் கணநேர மௌனம் என்பது பொருளாம். நான் வெட்டி எறியக்கூடியவற்றையெல்லாம் அவள் முத்துப்போலச் சேர்த்து வைத்திருந்தாள்!

குழந்தை மொழி கற்கும் வகையும் அப்பாடத்தில் ஒரு பகுதி. 1958இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க அறிஞர், பறவை போன்றதொரு கற்பனை உருவை வரைந்து, அதற்கு 'வக்' என்று பெயரிட்டுச் சிறுவருக்குக் காட்டினார். பின்னர் அவ்வுருவங்கள் இரண்டைக் காட்டி, இவை என்ன என்றார். 'வக்ஸ்' என்றனர் பிள்ளைகள். முன் ஒருபோதும் கேட்டறியாத சொல்லுக்குப் பன்மை விகுதி சேர்த்தனர். ஆகவே குழந்தை கேட்டதை மட்டும் ஒப்புவிப்பதில்லை. விதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அதன் பிழையிலும் ஓர் இலக்கணம் இருக்கிறது.

1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜோன்சனைப் பற்றியும் அவள் சொன்னாள். மொழியை மாறாது நிலைநிறுத்தலாம் என்று கருதித் தொடங்கிய அப்பேரறிஞர், அது ஆகாத காரியம் என்பதைத் தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். அவரிடம் எனக்கு ஓர் உறவுணர்ச்சி உண்டாயிற்று.

ஆயினும் என் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. வினவுதலைக் குறிக்கும் 'ஆஸ்க்' என்னும் ஆங்கிலச் சொல்லை, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியோரின் வழியினர் பலர் 'ஆக்ஸ்' என்பர். அது கல்லாதார் பேச்சு என்று இகழ்வோர் உளர். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இரு வடிவங்களும் வழங்கின. 1400இல் மறைந்த பெருங்கவிஞர் சோசரும் இரண்டையும் எழுதினார். "அப்ப அது பிழையோ, வேறையோ, தாத்தா?" என்று கேட்டாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். கரையோரக் கிராமத்துப் பிள்ளை. கட்டுரை ஒன்றுக்கு 'ஆச்சி பறைஞ்ச கதை' என்று தலைப்பிட்டிருந்தான். 'பறைஞ்ச' என்பதன்மேல் சிவப்புக் கோடிழுத்து, 'சொன்ன' என்று எழுதினேன். அத்துடன் நில்லாது வகுப்பிலே உரக்க வாசித்தும் காட்டினேன். வகுப்புச் சிரித்தது. அதன்பின் அவன் கட்டுரைகளில் வழுவே இருப்பதில்லை. எல்லாம் பாடநூல் வாக்கியங்கள். ஆச்சியும் இல்லை, அவள் கதையும் இல்லை. அதை என் கற்பித்தலின் வெற்றி என்று கருதினேன்.

எழுந்து விளக்கேற்றி, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியை எடுத்தேன். 'பறைதல்' அங்கே சொல்லுதல் என்னும் பொருளோடு இருந்தது. மலையாளத்திலே அது இன்றும் நாள்தோறும் வழங்கும் சொல். நான் அடித்தது வழுவை அன்று. பழந்தமிழ்ச் சொல்லொன்றை ஓர் ஆச்சியின் வாய் காத்து வைத்திருந்த செல்வத்தை.

தொல்காப்பியர் செய்யுளோடு வழக்கையும் நோக்கியே நூல் செய்தார் என்று பாயிரம் கூறுகிறது. பழஞ்சொல் நீங்குவதையும் புதுச்சொல் சேர்வதையும் நன்னூலார் வழுவென்று விலக்கவில்லை. இவற்றை ஆண்டுதோறும் மாணாக்கருக்கு விளக்கியவனும் நானே. சிவப்பு மைக் கோலை எடுத்தவுடன் மறந்தவனும் நானே.

இதனால் திருத்தமான எழுத்து வேண்டாம் என்று சொல்கிறேன் அல்லேன். அப்பெண்ணும் தன் விடைகளைச் செவ்விய ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். பொது நடையைக் கற்பிக்காத ஆசிரியன் ஏழைப் பிள்ளைக்கே பெருந்தீங்கு செய்வான். ஆனால் இந்த இடத்திற்கு இச்சொல் பொருந்தாது என்பது வேறு. உன் வீட்டுச் சொல் இழிந்தது என்பது வேறு. முன்னது கல்வி. பின்னது பிள்ளையின் வாயை அடைப்பது.

இப்பொழுதும் என் மேசைமேல் சிவப்பு மைக்கோல் இருக்கிறது. அதன் அருகே ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன். அறியாத சொல் வந்தால் அதன்கீழ்ப் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, "இதை எங்கே கேட்டாய், தம்பி?" என்று விசாரிக்கிறேன். அன்று அந்த மாணவனிடம் இப்படிக் கேட்டிருந்தால், அந்த ஆச்சியின் கதை முழுவதையும் கேட்டிருப்பேன்.