பிரிந்த இடத்தில் நின்ற சிறுமி

இளமைத் தோழமை காதலாகக் கனிவதைப் பற்றிய கதைகளுக்கு எந்த மொழியிலும் குறைவில்லை. ஒன்றாக விளையாடிய சிறுவனும் சிறுமியும் பிரிவர், வளர்வர், மீண்டும் காண்பர். கதை பெரும்பாலும் மணவறையிலோ மயானத்திலோ முடியும். இவ்விரு முடிவுகளையும் விடுத்து வேறொரு வழியை நாடியது, 2023ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாஸ்ற் லைவ்ஸ்' என்னும் திரைப்படம். கொரியாவிற் பிறந்து, இளமையிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த நாடகாசிரியை செலின் சோங் எழுதி இயக்கிய முதற் படம் இது. சிறந்த படம், சிறந்த மூலத் திரைக்கதை ஆகிய இரு ஒஸ்கார் விருதுகளுக்கும் இது முன்மொழியப்பட்டது.

கதை எளிது. சியோல் நகரில் நா யங், ஹே சுங் ஆகிய இருவரும் ஒரே வகுப்பிற் பயில்கின்றனர். வயது 12. பரீட்சையில் அவன் தன்னை முந்தியதற்காக அவள் அழுகிறாள்; அவன் உடன் நடந்து வருகிறான். அவளுடைய குடும்பம் கனடாவுக்குச் செல்கிறது. 12 ஆண்டுகளின் பின், நோரா என்னும் புதுப்பெயருடன் நியூயோர்க்கில் வாழும் அவள், அவன் தன்னைத் தேடுவதை இணையத்தின் வழியே அறிகிறாள். கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ஆயினும், தான் தேர்ந்த வாழ்வைத் தவறவிடலாகாதென்று எண்ணி அவளே அப்பேச்சை நிறுத்துகிறாள். மேலும் 12 ஆண்டுகள் கழித்து அவன் நியூயோர்க்குக்கு வரும்போது, அவள் ஆர்தர் என்னும் எழுத்தாளனின் மனைவி.

இங்கே நம் மனம் ஒரு கொடியவனைத் தேடும். அப்படி ஒருவரும் இலர். மனைவி கனவிற் பேசுவது கொரிய மொழியில் மட்டுமே என்பதை அறிந்த ஆர்தர், தான் புகமுடியாத ஓர் இடம் அவளுள் உண்டென வருந்துகிறான், அம்மொழியையும் பயில்கிறான். ஆனால் அச்சந்திப்பைத் தடுக்கவில்லை.

கொரியர் 'இன்யொன்' என்றொரு சொல்லை வழங்குவர். நாம் ஊழ் என்பதற்கு அண்மையான கருத்து அது. மணம் புரிவோரிடையே 8,000 பிறவிகளின் தொடர்பு உண்டென்று நோரா விளக்குகிறாள். எனினும் ஊழைச் சாட்டாக்கி ஆசிரியை எவரையும் சேர்த்துவைக்கவில்லை. அவன் நேசித்த சிறுமி மெய்யாகவே இருந்தாள். இன்று எதிரே இருப்பவள் அவளல்லள். இதனை நோராவே அவனிடம் சொல்கிறாள். அன்பை மறுக்காமலே அதன் காலம் கடந்ததை உணர்த்தும் சொல் அது.

புலம்பெயர்வோர் ஊரையும் பெயரையும் மட்டும் விட்டுச் செல்வதில்லை. தம்முள் ஒருவரையே விட்டுச் செல்கின்றனர். கனடா சென்றபின், அழுதாற் கேட்பாரில்லை என்று அழுகையை மறந்தவள் நோரா. ஹே சுங் விடைபெற்றுப் போனதும், கணவனின் தோளிற் சாய்ந்து விம்முகிறாள். அக்கண்ணீர் போனவனுக்காக மட்டுமன்று. சியோலில் நின்றுவிட்ட அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்காகவுந்தான்.

காதற்கதை எழுதப் புகும் இளைஞர் இதிற் கற்கத்தக்கது ஒன்றுண்டு: மூவரில் ஒருவரையும் இழிவுபடுத்தாமலே பிரிவின் முழுத் துயரையும் சொல்லலாம்.