67 ஆசியா: நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த சிறுகோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றிவருகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘67 ஆசியா’. பாறையால் ஆனது, குறுக்களவு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1861 ஏப்ரல் 17 அன்று அதைக் கண்டுபிடித்தவர் நார்மன் ராபர்ட் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர். கண்டுபிடித்த இடம் சென்னை, நுங்கம்பாக்கம். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் கண்டத்தின் பெயரையே சூட்டினார்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய சென்னை வானாய்வு நிலையத்தில்தான் போக்சன் வேலை பார்த்தார். இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகம் அது. தொலைநோக்கிகளெல்லாம் போய்விட்டன. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு இன்னும் நிற்கிறது. புயல் செய்திக்காக மட்டும் நாம் நினைத்துக்கொள்ளும் அந்த முகவரியில் இப்படியொரு கண்டுபிடிப்பு நடந்தது என்பதைச் சென்னைப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சிறுகோளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒளிப்படத்தின் உதவியால் முதல் சிறுகோள் அகப்பட்டது 1891இல், ஜெர்மனியில். அதற்கு முன்னால் எல்லாமே கண்ணால் பார்த்துச் செய்த வேலை. கோள்கள் உலவும் ராசிமண்டலப் பாதையில் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். அங்குள்ள மங்கலான விண்மீன்கள் குறிக்கப்பட்ட வரைபடம் பக்கத்தில் இருக்கும். தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால் உடனே மகிழ்ந்துவிடவும் முடியாது. வரைபடமே தவறாக இருக்கலாம். ஒளி கூடிக் குறையும் விண்மீனாகவும் இருக்கலாம். இதே நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். எனவே அந்தப் புள்ளிக்கும் பக்கத்து விண்மீனுக்கும் உள்ள இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். விண்மீன் என்றால் அங்கேயே இருக்கும். சிறுகோள் என்றால் நகர்ந்திருக்கும்.

எவ்வளவு நகரும்? சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் இருக்கும் நாட்களில் ஆசியா ஒரு நாளைக்கு ஏறக்குறைய நிலாவின் அகலத்தில் பாதி தூரம் இடம் மாறும், அதுவும் பின்னோக்கி. நாம் போகும் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலைத் தாண்டும்போது, அது பின்னால் போவதுபோலத் தோன்றுமல்லவா? அதே காரணம்தான். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி, வெளிவட்டத்தில் மெதுவாகப் போகும் சிறுகோளை முந்துகிறது.

அந்தப் புள்ளி எத்தனை மங்கல் என்பதைச் சொல்ல போக்சனின் அளவுகோலே உதவுகிறது. விண்மீன்களின் ஒளியை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது பழைய வழக்கம். ஐந்து தரம் இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும் என்று 1856இல் அவர் வரையறுத்தார். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு சுமார் 2.512 மடங்கு. உலகெங்கும் வானியலாளர்கள் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெறும் கண்ணுக்கு ஆறாம் தரம் எல்லை. ஆசியா நன்றாகத் தெரியும் காலத்திலும் பெரும்பாலும் பத்து, பதினொன்றாம் தரம்தான். பதினொன்று என்றால் நம் கண்ணின் எல்லையைவிட நூறு மடங்கு மங்கல்.

வெவ்வேறு நாட்களில் குறித்த சில இடங்கள் போதும், கணக்குப் போட்டுப் பாதையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆசியா சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீட்டர் தொலைவில், சுமார் 3.77 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. செவ்வாயின் ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எந்த விண்கலமும் அங்கே போனதில்லை. அப்படியிருக்க, அதன் அளவும் சுழற்சியும் எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெறும் ஒளியை வைத்து அளவைச் சொல்ல முடியாது. ஏனென்றால் பெரிய கரிய கல்லும் சிறிய வெளிறிய கல்லும் ஒரே பிரகாசத்தில் தெரியக்கூடும். கரிய கல் அதிகம் சூடாகும் என்பதால், அகச்சிவப்பில் அதன் வெப்பத்தை அளந்தால் குழப்பம் தீரும். 1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் இப்படித்தான் ஏராளமான சிறுகோள்களை அளந்தது. ஆசியா தன்மேல் விழும் ஒளியில் சுமார் கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கரிவகைச் சிறுகோள்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட அனுப்புவதில்லை.

சுழலும்போது ஒளி சற்றே கூடிக் குறைவதை வைத்து, ஒரு முழுச் சுழற்சிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் என்று கண்டிருக்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து ஒரே இரவில் முழுச் சுழற்சியையும் பார்க்க முடியாது. ஆனால் 24 மணி நேரத்தில் ஒன்றரைச் சுற்று முடிந்துவிடுவதால், இன்று ஒரு பக்கத்தைப் பார்த்தவர் நாளை அதே நேரத்தில் மறுபக்கத்தைப் பார்ப்பார்!

கல்லின் வகையைச் சொல்வது நிறமாலை. பாறைவகைச் சிறுகோள்களின் ஒளியில் ஆலிவின், பைராக்சின் போன்ற சிலிக்கேட் கனிமங்களின் தடம் இருக்கும். ஆசியாவும் அந்த வகை. இதே வகையைச் சேர்ந்த இடோகவா என்ற சிறுகோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010இல் தூசு கொண்டுவந்தது. பூமியில் அதிகம் விழும் சாதாரண விண்கற்களோடு அது பொருந்தியது.

போக்சன் சென்னையிலிருந்து மொத்தம் ஐந்து சிறுகோள்களைக் கண்டார், கடைசியாக 1885இல் வேரா. பிறகு 1988இல் ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து கண்ட ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

ஏறக்குறைய 16 மாதங்களுக்கு ஒருமுறை ஆசியா சூரியனுக்கு எதிர்ப்புறம் வந்து இரவெல்லாம் தெரியும். அன்றைய இடத்தைச் சிறுகோள் மையத்தின் இணையதளம் சொல்லிவிடும். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் நான்கு அங்குலத் தொலைநோக்கி போதும். அந்தப் பகுதியின் விண்மீன்களைத் தாளில் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தாளில் குறியுங்கள். மறுநாளும் ஒருமுறை குறித்தால் சந்தேகமே இருக்காது.